செமி வரைக்கும் ததேயு

ஜன்னல் பக்கம் நீங்க உட்காருங்க தம்பி. காலை நல்லா நீட்டிக்கிடுங்க. பையை இங்க தாங்க, நான் மடியில வச்சுக்கிடுறேன். இன்னிக்கு உங்க காலுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. தலை எப்படி வந்தாலும் சரி, கை எப்படி வந்தாலும் சரி. கால் ரெண்டும் பத்திரமா கல்லுமுனை மைதானத்துல இறங்கினாப் போதும் எனக்கு.

நீங்க ஓடி வந்து ஏறினதைப் பார்த்தப்பவே மனசு நிறைஞ்சு போச்சு. பஸ் நகர ஆரம்பிச்சாச்சு, நான் கம்பியைப் பிடிச்சுத் தொங்கிட்டிருக்கேன், நீங்க தோள்ல பையோட வடசேரி ஸ்டாண்டைக் குறுக்கே வெட்டி ஓடி வந்து ஒரே எம்பு! கண்டக்டரே வாயைப் பிளந்துட்டார். கால்னா அது கால். தூத்துக்குடியில உங்களைப் பத்தி விசாரிச்சப்ப சொன்னாங்க, ரூபன் காலுக்கு எட்டுனா கோல்தான்னு. சும்மா சொல்லல.

என்ன பார்க்கிறீங்க? கார்ல கூட்டிட்டுப் போறேன்னு சொன்னாரே மனுசன், பஸ்ஸுல ஏத்திட்டாரேன்னா? சொன்னேன், இல்லைங்கல. அந்த டாக்சிக்காரன் கேட்ட வாடகையை நீங்களும் கேட்டீங்கல்ல? கேட்டதைக் குடுக்கிறதுக்கு நான் என்ன கல்யாண மாப்பிள்ளையா? அவன் இறங்கி வந்தான், நான் ஏறிப் போனேன், கடைசியில ஒரு டீக்காசு வித்தியாசத்துல நின்னுச்சு. அதை விட்டுக் குடுத்திருக்கலாமேன்னு உங்களுக்குத் தோணும். அங்கதான் தம்பி எல்லாரும் கெட்டுப் போறாங்க. நான் நடந்து போற மாதிரி நடந்தேன், அவன் கூப்பிடுவான்னு. அவன் வேற சவாரியை ஏத்திக்கிட்டுப் போயிட்டான். போகட்டும். நாலு மணிக்குத்தானே மேட்ச். இந்த பஸ் போயிரும்.

என் பேரு ததேயு. ஊரு பாறைத்துறை. கடப்புறத்துல மீன் ஏலம் எடுக்கிறவன். பள்ளிக்கூடம் அஞ்சாம் கிளாஸோட சரி. தலைச்சுமையா மீன் வித்தேன், பிறவு சைக்கிள்ல பெட்டி கட்டி வித்தேன். முதமுதல்ல ஏலத்துல நின்னப்ப ஒரு வியாபாரி அழுகின சூரையை என் தலையில கட்டிட்டான். மேலாக்குல நாலு நல்ல மீனு, அடியில பூரா நாத்தம். அன்னிக்குப் படிச்சதுதான் படிப்பு. அதுக்கப்புறம் என்னை எவனும் ஏமாத்தினது இல்ல. செவுளைப் பார்த்தே மீன் என்னைக்குச் செத்ததுன்னு சொல்லிருவேன். மனுசனும் அப்படித்தான். மூஞ்சியைப் பார்த்தா உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சிரும் எனக்கு. இப்ப உங்களைப் பார்த்ததும் தெரிஞ்சுச்சே, பொய் சூது தெரியாத பிள்ளைன்னு.

எங்க டீமைப் பத்தி யாராவது சொன்னாங்களா உங்ககிட்ட? சொல்லியிருப்பாங்க. சிரிச்சுக்கிட்டே சொல்லியிருப்பாங்க. சிரிக்கட்டும்.

வருசா வருசம் செமிக்கு வந்துருவோம் தம்பி. அதை யாரும் இல்லைன்னு சொல்ல முடியாது. லீக் ஆட்டத்துல எங்க பசங்க ஆடுறதைப் பார்க்கணுமே, வலைக்குள்ள நெத்தோலி துள்ளுற மாதிரி மைதானம் பூரா துள்ளுவானுங்க. இவன் திரும்பாமலே பின்னால குடுப்பான், அங்க அவன் நிப்பான். கண்ணை மூடிட்டே ஆடுவானுங்க. சின்ன வயசுல இருந்து ஒரே மணல்ல உருண்டவனுங்க, வேற எப்படி இருக்கும். குவார்ட்டர் ஃபைனல்ல எதிராளி கோல்கீப்பர் அழுதுட்டுப் போவான். செமின்னு வந்துட்டா முடிஞ்சுது. அதே ஊரு, அதே டீமு, என்ன மாயமோ, ஒருத்தன் காலும் ஓடாது. அஞ்சு வருசமா இதே கூத்து.

ஊர் படுற பாடு இருக்கே! போகும்போது வேன்ல செண்டை மேளம், வெடி, கொடி, கூரை மேல நாலு பேரு. வரும்போது அதே வேன்ல செத்த வீட்டுக்குப் போயிட்டு வர்ற மாதிரி. கிளமென்ட்னு ஒருத்தன், டீக்கடை வச்சிருக்கான், ரசிகர் மன்றத்துக்கு அவன்தான் எல்லாம். ஒவ்வொரு செமிக்கும் அப்புறம் கடையைச் சாத்திட்டுப் படுத்துருவான். கேட்டா, பால் திரிஞ்சு போச்சும்பான். பச்சை ஜெர்சி ராசி இல்லைன்னு எரிச்சோம். மஞ்சளுக்கு மாறினோம். அதையும் எரிச்சோம். இப்ப நீலம். பங்குச் சாமியாரைக் கூப்பிட்டு பூட்ஸ் எல்லாத்துக்கும் தீர்த்தம் தெளிக்கச் சொன்னோம். அவர், “கடவுள் ரெண்டு ஊருக்கும் பொதுதானப்பா”ங்கிறார். பொதுன்னா ஒரு வருசமாவது இந்தப் பக்கமும் திரும்பிப் பார்க்கணுமா இல்லையா? நான் கேட்டுட்டேன். கோவிச்சுக்கிட்டார்.

கல்லுமுனை வியாபாரி ஸ்தனிஸ்லாஸ்னு ஒருத்தன் இருக்கான். ஏலத்துல நான் விலை கேட்க வாயைத் திறந்தா, பக்கத்துல நிக்கிறவன்கிட்ட சத்தமாச் சொல்றான். “பயப்படாதேலே. ததேயு செமி வரைக்கும்தான் கேப்பான். அதுக்கு மேல போக மாட்டான்.” கடப்புறம் பூரா சிரிப்பு. நெய்மீன் கிடக்குது, நான் அதை விட்டுட்டு, பக்கத்துல இருந்த சாளைக் கூடையைத் தூக்கி அவன் தலையில கவுத்தேன். ஸ்டேஷன் வரைக்கும் போச்சு. அங்க இன்ஸ்பெக்டர் பேரு ஊரு கேட்டார். சொன்னேன். “பாறைத்துறையா? செமியில தோக்குற ஊர்தானே?”ங்கிறார். காக்கிச்சட்டை போட்டிருந்தார், தப்பிச்சார்.

நான்தான் கிளப்புக்குத் தலைவர். யாரும் என்னை ஏத்தி வைக்கல, நான் இல்லைன்னா எவன் செலவு பண்ணுவான்? அதனால சும்மா இருக்க முடியுமா? செவன்ஸ் ஆட்டம் உங்களுக்குத் தெரியாததா, ஒரு பக்கத்துக்கு ஏழு பேரு. கல்லுமுனைக் கோப்பையில ஒரு வழக்கம் உண்டு. குவார்ட்டர் வரைக்கும் சொந்த ஊர்ப் பசங்கதான் ஆடணும். செமியில இருந்து வெளியாளை இறக்கலாம். அங்கதான் தம்பி வியாபார மூளை வேணும். கல்லுமுனைக்காரனுங்களுக்கு அது கிடையாது. கஞ்சப் பசங்க. வெளியாளுக்குன்னு ஒரு காசு எடுக்க மாட்டானுங்க, இருக்கிற பசங்களை வச்சே ஒப்பேத்துவானுங்க. கப்பு மட்டும் வருசா வருசம் அவனுங்களுக்கு எப்படிப் போகுதுங்கிறதுதான் புரியல. ராசி. வேற என்ன?

முதல்ல திருவனந்தபுரத்துல இருந்து ஒரு கோலியைக் கொண்டு வந்தேன். பனைமரம் கணக்கா உசரம். எங்க பின்னாடி ஆடுற பையன் ‘விடு விடு’ன்னு கத்தறான், இவன் மலையாளத்துல என்னவோ கத்தறான், ரெண்டு பேரும் பந்தை விட்டுட்டாங்க. பந்து தானா உருண்டு போய் உள்ள உக்காந்துச்சு. யார் தப்பு? காத்து அன்னிக்கு அப்படி.

அடுத்த வருசம் ஒண்ணுக்கு ரெண்டு ஃபார்வர்ட். ரெண்டும் பேரெடுத்த ஆளுங்க. ஒருத்தனுக்கொருத்தன் பந்து குடுக்க மாட்டேங்கிறான். எங்க பசங்களுக்கும் குடுக்க மாட்டேங்கிறான். மைதானத்துல மூணு டீம் ஆடின மாதிரி இருந்துச்சு. ரெஃப்ரி சரியில்ல.

போன வருசத்துக்கு முந்தின வருசம் கோழிக்கோட்டுல ஆடிட்டிருந்த ஒரு ஆப்பிரிக்காக்காரர். தங்கமான மனுசன் தம்பி, எடுத்த எடுப்புல கையெடுத்துக் கும்பிட்டார். வீட்டுக்கு வந்த விருந்தாளியைச் சும்மா விடலாமா? மரச்சீனிக் கிழங்கும் அயிலைக் குழம்பும் வச்சு, போதும் போதும்னாலும் விடாம நானே அள்ளி அள்ளிப் போட்டேன். மைதானத்துல ரெண்டு ஓட்டம் ஓடினார், வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டார். எங்க ஊர்த் தண்ணி ஒத்துக்கல அவருக்கு.

போன வருசம்தான் பெரிய கொடுமை. மேட்ச் சமமாகி பெனால்டி. கொல்லத்துல இருந்து ஒரு சூரன். ஓடி வந்து அடிச்சான் பாருங்க, போஸ்டுக்கு மேல, பனைக்கு மேல, நேரா கடலுக்குள்ள. வள்ளத்துல போய் பந்தை எடுத்துட்டு வந்தாங்க. அந்த ராத்திரி என் ஸ்கூட்டர் கண்ணாடியை எவனோ உடைச்சான். எவன்னு தெரியும். எங்க ஊர் ரசிகன்தான். அவனையும் குத்தம் சொல்ல முடியாது, எதையாவது உடைக்கணும்ல.

கடலை சாப்பிடுங்க தம்பி. அளவாச் சாப்பிடுங்க. இந்தத் தடவை நான் யாருக்கும் சோறு போடப் போறதில்ல.

டிரைவர் அண்ணே! கொஞ்சம் மிதிக்கிறது! திங்கள்சந்தையில சாயா குடிச்சது போதாதா?

என்ன கேட்டீங்க? வழக்கமா பெனால்டி யார் அடிப்பான்னா? ஆன்றோ அடிப்பான். என் மகன்.

ஆமா, என் மகன்தான். லீக்ல இந்த வருசம் அதிக கோல் அவன்தான் போட்டான். சொல்லலையா நான்? பெத்த பிள்ளையைப் பத்தி நானே பேசுறது நல்லா இருக்காதுன்னு விட்டுட்டேன். எந்த இடத்துலயா? உங்க இடம்தான். முன்னால, இடது பக்கம். பத்தாம் நம்பர். அந்த ஜெர்சிதான் உங்களுக்கு. துவைச்சு மடிச்சு வைக்கச் சொல்லிட்டேன்.

அவன் என்ன செய்வானா? வெளிய உட்காருவான். தண்ணி பாட்டில் எடுத்துக் குடுப்பான். பழகிப் போச்சு அவனுக்கு. நாலு செமியா அங்கதான்.

அட, என்ன தம்பி அப்படிப் பார்க்கிறீங்க? நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல? தலைவரா இருந்துக்கிட்டு என் மகனையே இறக்கினா ஊர் என்ன பேசும்? அதுவும் போக, ஜனங்களுக்குப் பக்கத்துல இருக்கிறது கண்ணுக்குத் தெரியாது. மார்க்கெட்டுல பார்க்கிறேனே. காலையில எங்க துறையில துடிக்கத் துடிக்க இறங்கின மீனை விரலால குத்திப் பார்த்துட்டு மூஞ்சியைச் சுளிப்பான். எங்கயோ பிடிச்சு, பெட்டியில கிடந்து கண்ணு வெளுத்துப் போனது, ‘வெளியூர்ச் சரக்கு’ன்னு சொல்லிப் பாருங்க, பாய்ஞ்சு வாங்குவான். எத்தனை முட்டாப் பயலுக இந்த உலகத்துல! அவனுங்களை வச்சுத்தான் நான் வீடே கட்டினேன்.

இன்னிக்குக் காலையில என்ன சொல்றான் தெரியுமா, என் மகன்? செவ்வாய்க்கிழமை அவன் பஹ்ரைனுக்குப் போறான் தம்பி. அங்க மீன்பிடி போட்டுல வேலை. போனா ரெண்டு வருசமோ மூணு வருசமோ. ஐஸ் பெட்டியை ஒரு பக்கம் அவன் பிடிக்கிறான், ஒரு பக்கம் நான் பிடிக்கிறேன். “அப்பா, இந்த ஒரு மேட்ச் நான் ஆடுறேன்”ங்கிறான். நான் சொன்னேன், “லே மக்கா, இதெல்லாம் நான் யாருக்காகப் பண்றேன்? நீ போறதுக்கு முன்னால அந்தக் கப்பை உன் கையில தூக்கிப் பார்க்கணும். அதுக்குத்தான் தூத்துக்குடியில இருந்து ஆளைக் கொண்டு வர்றேன். ஜெயிச்சதும் முதல்ல நீதான் தூக்குற.” அதுக்கு அவன், “ஆடாம தூக்குற கப்பும் இந்த ஐஸ் பெட்டியும் ஒண்ணுதாம்பா”ன்னு சொல்லிட்டு, பெட்டியைக் கீழ வச்சுட்டுப் போயிட்டான். பேச்சைப் பார்த்தீங்களா? வெள்ளியில செஞ்ச கப்பு, ஐஸ் பெட்டியாம். அவங்க அம்மா மெற்றில்டா வேற அடுப்படியில இருந்து, “இந்தத் தடவையாவது சும்மா இருங்க”ன்னு ஒரு சத்தம். சும்மா இருந்து யார் தம்பி ஜெயிச்சிருக்கான்?

ஏன் நின்னுட்டான்? கண்டக்டர், என்ன அங்க? வாழைத்தார் லாரியா? குறுக்கே நிக்குதா? அச்சு முறிஞ்சிருக்கா? அது எப்பய்யா நகரும்? உங்களுக்குத் தெரியாதுன்னா யாருக்குத் தெரியும்?

ஃபோன் அடிக்குது, கொஞ்சம் இருங்க. ஹலோ! சொல்லுலே கிளமென்ட்! கருங்கலுக்கு முன்னால நிக்கேன்லே. லாரி குறுக்கே கிடக்கு. என்ன, டீம் இறங்கியாச்சா? நாலு ஆகலையேலே! ஆயிருச்சா? ரெஃப்ரிகிட்டச் சொல்லிக் கொஞ்சம் இழு. பூட்ஸ் கயிறைக் கட்டச் சொல்லு, ஜெபம் சொல்லச் சொல்லு, பெரிய ஜெபமா! முடியாதா? சரி, சரி, பத்தாம் நம்பருக்கு இப்போதைக்கு எவனையாவது போடு. ஆன்றோவா? சரி, அவனே நிக்கட்டும். நான் வர்ற வரைக்கும்தான், கேட்டியா? நான் வந்து இறங்கின நிமிசமே அவனை வெளிய எடுத்துரணும். அவன்கிட்ட சொல்லி வை.

வாங்க தம்பி, இறங்குவோம். லாரியைத் தாண்டி நடந்தா முக்குல ஆட்டோ கிடைக்கும். நீங்க ஓடினா எனக்கு முன்னாலயே போயிருவீங்க. பையை நான் எடுத்துக்கிடுறேன். இறங்குங்க, இறங்குங்க, பார்த்து...

ஐயோ! என்ன ஆச்சு? என்ன ஆச்சு தம்பி? மடங்கிருச்சா? ஒரு படிதானே, அதுல இறங்கவா மடங்கும்? எங்க காட்டுங்க. இடது காலா? இடது கால்லதானே நீங்க அடிப்பீங்க! வீக்கம் ஒண்ணும் தெரியலையே. உள்வலியா? ஆமா, உள்வலிதான் மோசம். வெளிய தெரியாது.

அம்மா, தைலம் இருக்கா உங்ககிட்ட? ஜன்னல் வழியாக் குடுங்கம்மா. இந்தப் பிள்ளைக்குக் கால் போச்சு. நல்லா இருப்பீங்க.

இந்த மதகுல உட்காருங்க. காலை என் மடியில வைங்க. கூச்சப்படாதீங்க, மீனைத் தடவின கைதான் இது, மெதுவாத்தான் தடவும். பாருங்க தம்பி எங்க ராசியை! தூத்துக்குடியில இருந்து பூப்போலக் கொண்டு வந்தேன். மைதானத்துக்குக் கூப்பிடு தூரத்துல... என் நெத்தியில என்னதான் எழுதி வச்சிருக்கான்?

ஆட்டோ வருது! ஏய், நில்லு! கல்லுமுனை... என்ன தம்பி? ஆட்டோ குலுங்கினா வலி உசுர் போகுமா? சரி, போப்பா, நீ போ. என்னது, கூப்பிட்டு நிறுத்திட்டுப் போகச் சொல்றேனா? ஆமா, அப்படித்தான் சொல்றேன். போய்யா!

நான் மட்டும் போகவா? போய் மகன் ஆடுறதையாவது பார்க்கவா? அதுக்கென்ன தம்பி அவசரம், அவன் ஆடுறதை எப்ப வேணும்னாலும்...

இல்ல. செவ்வாய்க்கிழமைன்னு சொன்னேன்ல.

தைலம் எரியுதா? எரிஞ்சாத்தான் வேலை செய்யும்.

உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன். ஊருக்குத் தெரியாது. வெளியாளுங்க கதைக்கெல்லாம் முன்னால, முதமுதல்ல செமிக்கு வந்தோம் பாருங்க, அந்த வருசம் எல்லாம் எங்க பசங்கதான். ஆன்றோவுக்கு மீசை கூட சரியா முளைக்கல. கோலிக்கு நேரா பந்து கிடைச்சுது. கண்ணை மூடிட்டு அடிச்சாலும் உள்ளதான். வெளிய அடிச்சிட்டான். தோத்துட்டோம். அப்ப எங்க ஊர்க்காரனுங்க என்ன பேச்சுப் பேசினானுங்க தெரியுமா? தம்பி, கிளமென்ட் இருக்கானே, ஞானஸ்நானத்துக்கு ஆன்றோவைக் கையில ஏந்தினவன், அந்த கிளமென்டே செருப்பைக் கழட்டி எறிஞ்சான். பிள்ளை தோள்ல பட்டுச்சு. அவன் அதைக் குனிஞ்சு எடுத்து, ஓரமா வச்சுட்டு நடந்து போனான். நான் கூட்டத்துக்குள்ள நிக்கேன். என் பக்கத்துல நிக்கிறவன் ஆன்றோவோட அம்மாவைச் சொல்லித் திட்டறான், நான் பக்கத்துல நிக்கிறது தெரியாம. அவன் பல்லை உடைச்சேன், அது வேற விசயம்.

அன்னைக்கு முடிவு பண்ணேன். இனிமே செமியில தோத்தா வெளியாள் தோக்கட்டும். வெளியாளைத் திட்டட்டும், செருப்பைக் கழட்டட்டும். அவன் பஸ் ஏறி அவன் ஊருக்குப் போயிருவான், அவனுக்கென்ன?

உங்களைச் சொல்லல தம்பி. உங்க மேல யாராவது செருப்பு எறிய விட்டுருவேனா?

அதனாலதான் நேரில பார்க்க என்னால ஆகாது. அவன் பந்தைத் தொட்டாலே நான் கண்ணை மூடிக்கிடுவேன். வெளியாள் ஆடினா நிம்மதியாக் கெட்ட வார்த்தை பேசிட்டு நிக்கலாம்.

மணி நாலே முக்கால் ஆச்சு, லாரி இன்னும் அசையல. ஃபோன்... ஹலோ! சொல்லுலே! கோல் ஒண்ணு வாங்கிட்டோமா? சொன்னேன்ல, சொன்னேன்ல! ஆன்றோவை எடு! எடுத்துட்டு ஜெனிஷைப் போடு! ஜெனிஷ் ஏற்கனவே உள்ள இருக்கானா? அப்ப... என்னலே? கேட்கல! கத்தாதே! என்ன சத்தம் அது? செண்டையா? யார் செண்டை? நம்ம செண்டையா? போட்டுட்டானா? யாரு? யாருலே? கிளமென்ட்! ஆன்றோவா!

தம்பி, சமம். ஒண்ணுக்கு ஒண்ணு. முடிய இன்னும் கொஞ்ச நேரம்தானாம். ஆன்றோ தலையால முட்டினானாம். அவனுக்குத் தலையால முட்டத் தெரியும்னே எனக்குத் தெரியாது.

ஸ்பீக்கர்ல போடவா? எப்படிப் போடணும்? இந்தாங்க, நீங்களே அமுக்குங்க. லேய் கிளமென்ட், வைக்காதே! அப்படியே பிடிச்சுக்கோ! ஓடுறது நிக்கிறது எல்லாத்தையும் சொல்லு! கேட்குதா தம்பி? ‘அண்ணாச்சி, பந்து நம்மகிட்ட, அண்ணாச்சி, பந்து போச்சு, அண்ணாச்சி, பந்து வந்துச்சு’. இது என்னலே வர்ணனை? எவன்கிட்டன்னு சொல்லு!

நீங்க ஏன் தம்பி என் கையை இப்படி இறுக்கிப் பிடிக்கிறீங்க? உங்களுக்கு என்ன, நீங்க வெளியூரு. வலியா? தாங்கிக்கிடுங்க.

‘ஆன்றோ எடுத்துட்டான், அண்ணாச்சி. ரெண்டு பேரு அவன் மேல விழுறானுங்க.’ விழட்டும், அடிலே! ‘கோலியும் அவன் பக்கமா வர்றான்.’ அடிடா, அடிடா மக்கா, கண்ணை மூடிட்டு அடி! ‘குடுத்துட்டான், அண்ணாச்சி!’ யாருக்கு? யாருக்குக் குடுத்தான் அந்த மடையன்? நேரா கோல் போஸ்ட் இருக்க... ‘ஜெனிஷ்! ஜெனிஷ்!’

கோலா?

கோலாலே?

கோல்! தம்பி, கோல்! பாறைத்துறை! விசில் அடிச்சாச்சா? முடிஞ்சுதா? முடிஞ்சிருச்சாம்! ஏய் பஸ்காரா, லாரிக்காரா, வாழைத்தாரு, பாறைத்துறை ஃபைனல்லய்யா! ஃபைனல்! பிடிங்க தம்பி என்னை, பிடிங்க...

அட. மதகு மேல ஏறிக் குதிக்கிறீங்க! ரெண்டு காலாலயும்! கால் எப்படி இருக்கு? சந்தோசத்துல மறந்து போச்சா? இப்ப மறுபடியும் வலிக்குதா? உட்காருங்க, உட்காருங்க. நல்ல மனசு தம்பி உங்களுக்கு. யாரோ ஊருக்கு, வலியோட இப்படிக் குதிச்சீங்களே.

இருங்க, அவன் பேசுறான். ஆன்றோ! லேய் மக்கா! ... பார்த்தேன்லே. எல்லாம் பார்த்தேன். எங்க நின்னா என்ன, பார்த்தேன். நீ ஏம்லே அடிக்காம அவன்கிட்டக் குடுத்தே? ... சிரிக்காதே. ... என்னது? ... சரி. சரி, வை. தண்ணி குடி. ஐஸ் தண்ணி குடிக்காதே.

என்ன சொன்னானா? “நீங்க வரலைன்னு எனக்குத் தெரியும்பா. வந்திருந்தா நான் உள்ள இருந்திருக்க மாட்டேனே”ங்கிறான். குசும்பு. அவங்க அம்மா மாதிரியே.

ஒண்ணுமில்ல தம்பி. தைலக் கையை மறந்து கண்ணுல வச்சுட்டேன். எரியுது.

கிளமென்ட் அழுறான் அங்க. நாலு வருசமா எத்தனை பேரைக் கொண்டு வந்தேன், எவ்வளவு ஓடினேன், எல்லாத்தையும் கடவுள் பார்த்துக்கிட்டுத்தான் இருந்திருக்கார். உழைப்பு வீணாப் போகாதுங்க. நாளைக்குக் காலையில ஏலத்துக்குப் போறேன், ஸ்தனிஸ்லாஸ் வாயைத் திறக்கட்டும், நானும் பார்க்கிறேன்.

லாரி நகருது போல. ஏறுவோம். தோள்ல கை போட்டுக்கிடுங்க. ஊர்ல இன்னிக்கு ஒரு ஆட்டம் இருக்கும் பாருங்க. நீங்க ஆடலைன்னாலும் என் விருந்தாளி. குடுத்த அட்வான்ஸை நான் திருப்பிக் கேட்கவே மாட்டேன். பாதியைப் பத்தி மட்டும் அப்புறமாப் பேசிக்கிடலாம்.

ஆனா தம்பி, எனக்கு இப்பவே உள்ள பரபரன்னு இருக்கு. ஞாயிற்றுக்கிழமை ஃபைனல். செமி எப்படியோ, பசங்க தட்டுத் தடுமாறித் தாண்டிட்டானுங்க. ஃபைனல் அப்படியா? ஊர் பூரா இருக்கும், நாலு ஊர்க்காரன் இருப்பான். அங்க அந்தப் பிள்ளைங்களை மட்டும் நம்பி விடலாமா? யோசிச்சுப் பாருங்க. ஆன்றோ தோள்ல மறுபடி ஒரு செருப்பு விழ நான் பார்த்துக்கிட்டு இருக்க முடியாது. நடுவுல ரெண்டு நாள் இருக்கு. எங்க துறையில ஒரு வைத்தியர் இருக்கார், நீவி விட்டார்னா எலும்பு பேசும். ஞாயிற்றுக்கிழமைக்குள்ள உங்க கால் சரியாயிரும்ல?

பார்த்து ஏறுங்க. ஏன் இப்படி இழுத்து இழுத்து நடக்கிறீங்க? மடங்கினது இடது கால்தானே தம்பி? இப்ப வலது காலை நொண்டுறீங்களே! அதுக்கும் பரவிருச்சா?

ஐயோ, ரெண்டு காலும் போச்சே. பார்த்தீங்களா தம்பி, இதான் எங்க டீமோட ராசி.